ரயில் நெரிசலிலும் பாட்டு மாறாது

கேள்வி: மின்சார ரயிலில் சுற்றியுள்ள எல்லார் காதிலும் புளூடூத். ஒருவர் பாட்டு இன்னொருவர் காதில் விழாமல் இருப்பது எப்படி?

கவலையே வேண்டாம், விழாது. புளூடூத் ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் உள்ள 79 அலைவரிசைகளுக்கிடையே வினாடிக்கு 1,600 முறை வரை தாவிக்கொண்டே இருக்கும். எந்த வரிசையில் தாவுவது என்பது உங்கள் போனுக்கும் இயர்போனுக்கும் மட்டுமே பொது; பக்கத்து இருக்கைக்காரரின் ஜோடிக்கு வேறு வரிசை. எப்போதாவது இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதினால் கெடுவது ஒரு சிறு துணுக்குதான். அது உடனே மறுபடி அனுப்பப்படும். அடுத்தவர் துணுக்கு தவறி வந்தாலும், அதன் அடையாளக் குறியீடு பொருந்தாததால் இயர்போன் ஒதுக்கிவிடும். வைஃபை நெரிசலுள்ள அலைவரிசைகளைக் கண்டு விலகவும் புளூடூத்துக்குத் தெரியும்.

இப்படித் தாவும் யோசனைக்கு 1942இலேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் என்பது எத்தனை அருமையான செய்தி! இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலுடன் சேர்ந்து, எதிரி குழப்ப முடியாத டார்பிடோவுக்காக அதை வடிவமைத்தார். தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருள்தான் 88 அலைவரிசைகளுக்கிடையே தாவலை இயக்கும் என்பது திட்டம்.

சிக்னல்கள் குழம்பாமலிருக்கத் தாவல் மட்டுமே வழியல்ல: ஜிபிஎஸ் தாவாது, சிக்னலைப் பரப்பும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கே உரிய 1,023 இலக்கக் குறியீட்டால் சிக்னலை அகலப்படுத்துகிறது. இரைச்சலுக்கும் கீழே புதைந்து வரும் அதை, குறியீடு தெரிந்த போன் தோண்டி எடுத்துவிடும்.

ரயிலில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால், பெரும்பாலும் குறுக்கே நிற்பது உங்கள் உடம்புதான். உடம்பிலுள்ள நீர் இந்த அலைகளை விழுங்கும். போனைப் பின்பாக்கெட்டிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றிப் பாருங்கள்.