ஏரிக்கரைக் கூடாரத்தில் ஓர் இரவு... எச்சரிக்கை வேண்டும்!

"வைத்தியரய்யா, பேரனுக்கு மலை ஒத்துக்கலை. ராத்திரி பூரா தலைவலி, வாந்தி. பித்தம் தலைக்கேறிடுச்சு போல. ஏதாச்சும் சூரணம் குடுங்க..."

ஒரு தை மாதத் திங்கட்கிழமை காலையில், ஒத்தக்கடையில் உள்ள என் வைத்தியசாலைக்கு ஏழு வயதுப் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார் ஒரு பாட்டி. கூடவே மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி. கொடைக்கானலுக்கு மேலே ஒரு கிராமத்தில் சனிக்கிழமை இரவு கூடாரத்தில் தங்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.

பையனின் நாடியைப் பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். பித்தம் ஏறியதற்கான குறி எதுவும் இல்லை. அப்போது பேத்தி சும்மா இருக்காமல், "தாத்தா, எனக்கும்தான் தலைவலி. அம்மாவுக்கும் மயக்கமா வந்துச்சு" என்றாள்.

அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே இரவில், ஒரே நேரத்தில், ஒரே கூடாரத்தில் படுத்த அத்தனை பேருக்குமா பித்தம் ஏறும்?

"உள்ளே நெருப்பு ஏதாவது வச்சீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாய்யா. குளிர் தாங்கலை. வெளியே எரிஞ்ச கங்கை ஒரு இரும்புச் சட்டியில அள்ளி உள்ளே வச்சோம். புகைகூட இல்லை. கதகதன்னு இருந்துச்சு."

பாட்டி நடுராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்து கூடாரத்தின் ஜிப்பைத் திறந்திருக்கிறார். குளிர்காற்று உள்ளே வந்ததும்தான் பையன் விழித்து வாந்தி எடுத்திருக்கிறான். அந்த ஜிப் மட்டும் விடியும்வரை திறக்கப்படாமல் இருந்திருந்தால்? அதை அந்தப் பாட்டியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூரணம் எதுவும் தரவில்லை. ஐந்து பேரையும் ஆங்கில மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடச் சொல்லி அனுப்பினேன். நல்லவேளை, யாருக்கும் பாதிப்பில்லை.

அவர்களிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கூடாரம் நமக்குப் புதிதா?

'கிளாம்பிங்' என்று ஒரு சொல் இப்போது பிரபலம். கட்டில், மெத்தை, மின்விளக்கு, சில இடங்களில் இணைந்த கழிவறைகூட உள்ள சொகுசுக் கூடாரத்தில் தங்குவதற்குத்தான் இந்தப் பெயர். அமெரிக்காவில் பெரிய ஏரிகளை ஒட்டிய மாநிலங்களில், கோடை விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாக ஏரிக்கரை முகாம்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே 1962-ல் மொன்டானா மாநிலத்தில் தொடங்கிய 'கே.ஓ.ஏ.' என்ற முகாம் நிறுவனம் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது.

நாம் மட்டும் என்ன, சளைத்தவர்களா? சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்து, அழகர்கோவில் மரத்தடியிலும் வைகைக் கரையிலும் பொங்கித் தின்று, வண்டிக்கடியில் படுத்து எழுந்தவர்கள்தானே நம் முன்னோர்! ஆனால் அது சித்திரை மாதம், சமவெளி, நாலு பக்கமும் திறந்தவெளி. இப்போது நீங்கள் போவதோ குளிர்ந்த மலை; மூடிய கூடாரம். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அதாவது, ஒத்தக்கடையில் காலையில் வியர்த்த உடம்பு, மதியத்துக்குள் 12 டிகிரி குறைந்த இடத்தில் நிற்கிறது. மார்கழி, தை மாதங்களில் 1863-ல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய கொடைக்கானல் ஏரியைச் சுற்றிலும், மேலே மன்னவனூர், கூக்கால் ஏரிப் பக்கங்களிலும் புல்மேல் உறைபனி படிவதுண்டு. உயரத்தில் காற்றழுத்தமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதனால்தான் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

சித்தர்கள் நிலத்தைப் பார்த்தே நோயைக் கணித்தவர்கள். மருதநிலம் நோயைப் போக்கும் என்றும், குறிஞ்சி நிலத்தில் சுரமும் வயிற்றுக் கட்டியும் ஐயமும் தங்கும் என்றும் 'பதார்த்த குண சிந்தாமணி' சொல்கிறது. ஐயம் என்றால் கபம். யானைமலை அடிவாரத்து வயல்காட்டில் வளர்ந்த உடம்பு திடீரென்று குறிஞ்சிக்குப் போனால் சளியும் இருமலும் வருவது இயற்கை. அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் கங்குச் சட்டியைச் சமாளிக்க முடியாது!

புகையில்லாத நஞ்சு

விறகோ கரியோ எரியப் போதிய காற்று இல்லாதபோது 'கார்பன் மோனாக்சைடு' என்ற வாயு உண்டாகிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. 'புகை அடங்கிய கங்குதானே' என்று நாம் நம்பி உள்ளே எடுத்து வைப்பதுதான் இந்த வாயுவை அதிகம் கக்கும்.

நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் வண்டி. இந்த நச்சுவாயு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு மூளைக்கும் இதயத்துக்கும் சரக்கு போகாது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தள்ளாட்டம், தூக்கம்... தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன 8 பேர் ஒரு விடுதி அறையில் இறந்துபோனார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். குளிருக்காக மூடிய அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்ததுதான் காரணம். அவ்வளவு தூரம் போவானேன்? 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலிலேயே, இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இருவர் இறந்தார்கள்.

பாட்டி கேட்ட கேள்வி

"அந்தக் காலத்துல பிள்ளை பெத்த அறையில நெருப்புச் சட்டி வைப்போமே, சாம்பிராணி போடுவோமே. அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே?" என்று அந்தப் பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி.

அன்றைய வீடு ஓட்டு வீடு, கூரை வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கையளவு சந்து இருக்கும். மரக்கதவின் இடுக்கில் காற்று வரும். பக்கத்தில் ஒருத்தி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்றைய கூடாரமோ தண்ணீர் புகாத துணி. ஜிப் போட்டால் பொட்டலம்! பனியில் நனைந்துவிட்டால் துணி வழியாகவும் காற்று நுழையாது. அந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 'மூச்சடைச்சுப் போயிட்டா', 'காத்து கருப்பு அடிச்சிடுச்சு' என்று சொல்லி அடக்கம் செய்தவற்றில் எத்தனை இதுவோ, யார் கண்டது?

ஆகவே, பழைய வழக்கத்தைப் பழைய வீட்டோடு விட்டுவிடுங்கள். கங்கு, கரியடுப்பு, கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, எதுவுமே கூடாரத்துக்குள் வேண்டாம். குளிருக்குப் பயந்து காரின் இன்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்குவதும் வேண்டாம்.

கூடாரத்தில் ஒருவருக்கு மேல் தலைவலி, குமட்டல் என்றால் பித்தம், அஜீரணம் என்று யோசித்துக்கொண்டிராதீர்கள். உடனே எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள். மயங்கியவர் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அவருக்கு மருந்து பிராணவாயுதான். இதற்குச் சித்த மருத்துவத்தில் என்ன இருக்கிறது என்று என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

சரி, குளிரை எப்படித் தாங்குவது?

கூடாரத்தில் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். இரண்டு போர்வை இருந்தால் ஒன்றை அடியில் விரியுங்கள். முதலில் தார்ப்பாய், அதன்மேல் கனத்த ஜமுக்காளம். ஒரே ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் நல்லது. வியர்த்த உடையோடு படுக்கக் கூடாது. தலைக்குக் குல்லாய், காலுக்கு உலர்ந்த சாக்ஸ். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். காற்று வர ஜிப்பின் மேல்பக்கம் சிறிது திறந்தே இருக்கட்டும்.

இரவு உணவைச் சூடாக, சீக்கிரமே முடித்துக்கொள்ளுங்கள். மிளகு ரசமும் பூண்டும் இருந்தால் சிறப்பு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அங்கேயே கிடைக்கும்போது கவலை என்ன? இரவில் தயிர், ஐஸ்கிரீம் வேண்டாம்.

சுக்கு நீர்: விரல் நீளச் சுக்கு ஒரு துண்டு, மிளகு 5, கொத்தமல்லி விதை ஒரு டீஸ்பூன் - மூன்றையும் தட்டி, 4 டம்ளர் நீரில் போட்டு 2 டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, கருப்பட்டி சேர்த்துப் பெரியவர்கள் ஆளுக்கு அரை டம்ளர் குடிக்கலாம். சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு நாலைந்து ஸ்பூன் போதும். கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வயிற்றுப்புண் உள்ளவர்கள் தவிர்க்கவும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டி கூடாது. மூக்கடைப்புக்கு நொச்சி ஆவி நல்லதுதான். ஆனால் கூடாரத்தில் கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்தால் பெரிய விபத்து. அதை வீடு திரும்பி வைத்துக்கொள்ளலாம்.

இவற்றையும் மறக்காதீர்கள்

* சிறுநீரை அடக்காதீர்கள். கழிவறை தூரம், இருட்டு, குளிர் என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அடக்கக் கூடாத 14 வேகங்களில் சிறுநீரும் ஒன்று. திரும்பி வந்ததும் நீர்க்கடுப்போடு என்னிடம் வருபவர்கள் அதிகம். கழிவறை பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். டார்ச் விளக்கு கையில் இருக்கட்டும். துணைக்கு ஒருவரை எழுப்பத் தயங்க வேண்டாம்.

* தண்ணீரைக் கூடுதல் நேரம் கொதிக்க விடுங்கள். உயரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதி வந்தபின் 3 நிமிடம் விட்டு இறக்குங்கள். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள்.

* அட்டை கடித்தால் பதற வேண்டாம். நம் மருத்துவத்தில் 'அட்டை விடல்' என்றே ஒரு சிகிச்சை உண்டு. பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாயோரம் நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் சற்று நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள்.

* திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சலா? புல்தரையில் உட்கார்ந்து படுத்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற காய்ச்சல் வரலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். இல்லாமலும் காய்ச்சல் வரும். 'மலைக்குப் போய் வந்தோம்' என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். நிலவேம்புக் குடிநீரை மட்டும் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். நிலவேம்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

* ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையை 'ரெண்டு நாள்தானே' என்று நிறுத்தக் கூடாது.

* நெருப்பு வெளியேயும் அடங்கியிருக்கட்டும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். தூங்கப்போகும் முன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

* அனுமதி உள்ள இடம்தானா என்று கேளுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கிய ஒரு பெண், காட்டுயானை தாக்கி இறந்தார். கொடைக்கானல் பக்கம் காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே நடமாடும். சுற்றுவேலி, வெளிச்சம், காவலாள் இல்லாத இடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. அதையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அப்ப போகவே வேண்டாம்கிறீங்களா?' என்று கேட்காதீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். தொலைக்காட்சி இல்லாமல், பாட்டியும் பேரனும் ஒரே போர்வைக்குள் நட்சத்திரம் எண்ணும் இரவு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. அந்தப் பாட்டியும் அடுத்த வருஷம் மறுபடி போகப்போகிறாராம்.

"கங்குச் சட்டியை என்னம்மா செய்யப்போறீங்க?" என்று கேட்டேன்.

"வெளியே உட்கார்ந்து காய்ஞ்சிட்டு, நானே தண்ணி ஊத்தி அணைச்சிட்டுத்தான்யா உள்ளே போவேன்!" என்றார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள்.