காற்றமுக்கியின் அமுக்க ஆளியைச் சீர்செய்தல்

உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் பலர், ரயர்களுக்குக் காற்றடிக்கவும் ரேடியேற்றரிற் படிந்த பதரையும் தூசியையும் ஊதி நீக்கவும் மின்சாரக் காற்றமுக்கியைப் பயன்படுத்துகின்றனர். இதன் அமுக்க ஆளியை அறியாது திருகுதல் உயிராபத்தை விளைவிக்கும்.

ஆளி வேலை செய்யும் முறை

தாங்கியிலுள்ள காற்று, ஆளியினுள் இருக்கும் மென்றகட்டைத் தள்ளுகின்றது; சுருள்வில் அதனை எதிர்க்கின்றது. காற்றின் விசை மிகும்போது மின்தொடுகை பிரிந்து மோட்டார் நிற்கும். காற்றுக் குறைந்ததும் தொடுகை மீண்டும் சேர்ந்து மோட்டார் ஓடும். சிறிய இயந்திரங்களிற் பல, சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அளவில் ஓடத் தொடங்கி 120 இறாத்தல் அளவில் நிற்கும். மோட்டார் நின்றவுடன் கேட்கும் சிறு சீறல், குழாயில் எஞ்சிய காற்று வெளியேறும் ஒலியாகும், அது பழுதன்று.

சீர்செய்யும் முறை

1. தாங்கியின் தகட்டிற் குறித்துள்ள உச்ச அமுக்கத்தையும், இயந்திரத்துக்கென விதிக்கப்பட்ட நிறுத்த அளவையும் முதலில் வாசித்தறிக. இவற்றுட் குறைந்ததை ஒருபோதும் தாண்டலாகாது.

2. மின்செருகியைக் கழற்றிய பின்னரே ஆளியின் மூடியைத் திறத்தல் வேண்டும்.

3. பெரிய சுருள்வில்லின் நட்டை வலஞ்சுழியாகத் திருகினால், தொடங்கும் அளவு, நிற்கும் அளவு ஆகிய இரண்டும் உயரும். இடஞ்சுழியாகத் திருகினால் இரண்டும் தாழும். சிறிய சுருள்வில்லும் உள்ள ஆளிகள் பலவற்றில், அதன் நட்டு நிற்கும் அளவை மட்டும் மாற்றும்.

4. ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று மட்டுமே திருகி, மூடியை இட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு அமுக்கமானியைப் பார்த்தல் வேண்டும்.

உதாரணமாக, 80இல் தொடங்கி 100இல் நிற்கும் ஆளியை, தகடு இடமளிக்குமாயின், 90க்கும் 120க்கும் மாற்றுவதாகக் கொள்வோம். முதலிற் பெரிய நட்டைத் திருகித் தொடங்கும் அளவை 90 ஆக்குக. நிற்கும் அளவும் ஏறத்தாழ 110 ஆகும். பின்னர்ச் சிறிய நட்டினால் அதனை 120 ஆக்குக. குறித்த அளவில் மோட்டார் நில்லாவிடின், உடனே கையால் நிறுத்திக் காற்றை வெளியேற்றுதல் வேண்டும்.

ஆளியின் குற்றமல்லாதவை

மோட்டார் ஓயாது ஓடினால், காற்றுக் கசிவையும் அடைபட்ட வடிகட்டியையும் தேய்ந்த பிஸ்டன் வளையங்களையும் பார்க்க வேண்டும். மோட்டார் நின்ற பின்னரும் சீறல் ஓயாவிடின், தாங்கியின் ஒருவழி வால்வு பழுதடைந்திருக்கலாம். அடிக்கடி ஓடி நின்றால், தாங்கியில் நீர் தேங்கி இடத்தைக் குறைத்திருக்கலாம். இவற்றுக்கு ஆளியைத் திருகுதல் பரிகாரமாகாது.

கமக்காரரின் கவனத்துக்கு

விரைவிற் காற்றடிக்கும் பொருட்டு அமுக்கத்தை உயர்த்துவது வீண். உழவு இயந்திரத்தின் பின் ரயருக்குப் பெரும்பாலும் 12 முதல் 25 இறாத்தலே போதும். காப்பு வால்வை அடைப்பதோ திருகி இறுக்குவதோ ஆகாது. ஆளி தவறும்போது தாங்கி வெடியாமற் காப்பது அதுவே. வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் தாங்கியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுக. நீர் தேங்கினால் தாங்கி உட்புறம் துருப்பிடித்து மெலியும். மெலிந்த தாங்கி முன்னைய அமுக்கத்தையே தாங்காது வெடிக்கக்கூடும்.