மோட்டார் சைக்கிள் மாற்றங்களும் உத்தரவாத இழப்பும்

புதிய மோட்டார் சைக்கிளுக்கு உற்பத்தியாளர் அளிக்கும் உத்தரவாதம், அதாவது குறித்த காலத்திற்குள் தோன்றும் உற்பத்திக் குறைபாட்டைக் கட்டணமின்றிச் சீர்செய்து தரும் உறுதிமொழி, வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் உதிரிப்பாகங்களால் பகுதியாகவோ முழுமையாகவோ இழக்கப்படலாம் என்பதால், அதன் நிபந்தனைகளை மாற்றத்திற்கு முன்னரே படித்தறிவது நல்லது.

இத்தகைய மாற்றங்களுள் மிகுந்த கவனம் வேண்டுவது வயரிங் ஆகும். கூடுதல் விளக்குக்காகவோ ஹாரனுக்காகவோ மூலக் கம்பியை வெட்டி இணைக்கும்போது, மின்சுமை மிகுந்து கம்பி சூடாவதோடு, பின்னர் வேறெங்கோ தோன்றும் மின்கோளாறுக்கும் அந்த வெட்டே காரணமாகக் காட்டப்படுகிறது. ஆகவே ரிலே எனப்படும் மின்விசைமாற்றியும் தனி ஃபியூஸும் கொண்டு, கம்பியை வெட்டாமல் கப்ளர் எனப்படும் இணைப்பான் வழியே இணைப்பதே தக்கது. வயரிங் தவிர, பி.எஸ். 6 என்னும் மாசு உமிழ்வு விதிக்கு உட்பட்ட வாகனங்களில் சைலன்சரை மாற்றினால், புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து எரிபொருளை நெறிப்படுத்தும் சென்சாரின் செயல்பாடும் பாதிக்கப்படக்கூடும்.

உத்தரவாத இழப்பு ஒருபுறமிருக்க, விதிகளுக்குப் புறம்பான மாற்றத்திற்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

கழற்றிய மூலப் பாகங்களையும் ரசீதுகளையும் பாதுகாத்து வைக்க வேண்டும். மாற்றத்தோடு தொடர்பில்லாத பழுதுக்கும் உத்தரவாதம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.