அரை மாத்திரைதானே?

நெய்வேலி



உன் கடிதத்தில் மூன்று பக்கம் கல்லூரிச் சேதி. நான்காம் பக்கத்து ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதிய சில வரிகள்தான் இரண்டு நாளாக என்னை விடவில்லை. “அப்பா நைட் ஷிப்டு முடிந்து வந்து, தூக்கத்துக்கு அல்ப்ரஸோலம் பாதி போட்டுக்கொள்கிறார். அது தூக்க மாத்திரை இல்லையே சார், பதட்டத்துக்குத்தானே? அதுவும் அரை மாத்திரைதானே?” என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் கீழே பொடி எழுத்தில், “அம்மா சொல்வதுபோல் ஒளித்து வைத்துவிடலாமா?”

இந்த ‘தானே’வை இந்த ஊரில் எத்தனையோ வாசலில் கேட்டாயிற்று. மருந்தியல் படிக்கிற நீயும் அதையே எழுதியதுதான் எனக்கு வருத்தம்.

பதட்டத்துக்கு, தூக்கத்துக்கு என்ற பிரிவெல்லாம் அட்டையில் அச்சடித்தது. மருந்துக்கு அது தெரியாது. இந்த மருந்துகள் மூளையில் போய் ஒட்டும் காபா ஏற்பியைப் பற்றி உனக்கு நடத்தியிருப்பார்கள், அதற்குள் போகவில்லை. வரலாற்றை மட்டும் பார். நியூ ஜெர்சியில் ரோஷ் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் செய்து ஒதுக்கிவைத்த ஒரு பொடி, 1957-இல் மேஜையை ஒழிக்கும்போது மறுபடி கண்ணில் பட்டது. அதுதான் 1960-இல் லிப்ரியம் என்ற மருந்தாக வந்தது. 1963-இல் அதன் தம்பி டயஸெபாம். டயஸெபாமைப் பதட்டத்துக்கு என்று விற்றார்கள். அதே குடும்பத்து நைட்ரஸெபாமைத் தூக்கத்துக்கு என்று விற்றார்கள். இரண்டும் போய் உட்காரும் இடம் ஒன்றே. நம் நாட்டில் 1969-இல் ரான்பாக்ஸி நிறுவனம் டயஸெபாமைக் ‘காம்போஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பெயரிலேயே ‘காம்’ என்று அமைதி இருந்தாலும் ஜனங்கள் வாயில் காம்போஸ் என்றால் தூக்க மாத்திரை. இன்று அந்த இடத்தில் அதே குடும்பத்து அல்ப்ரஸோலம் உட்கார்ந்திருக்கிறது. பழக்கம் அப்படியே இருக்கிறது.

அடுத்தது அந்த அரை. அப்பா உடைப்பது பாயிண்ட் ஃபைவ் மாத்திரை என்று எழுதியிருக்கிறாய். பாதி என்றால் 0.25 மில்லிகிராம். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட முடியாமல் வந்தவர்களுக்கென்றே கிளினிக் நடத்தியவர் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். எந்த மருந்துக்கு எது எவ்வளவு ஈடு என்று அவர் ஓர் அட்டவணை போட்டுவைத்தார். அதன்படி 0.5 மி.கி. அல்ப்ரஸோலம் 10 மி.கி. டயஸெபாமுக்குச் சமம். உன் அப்பா நகத்தால் உடைத்துப் போடும் அந்தத் துணுக்கு, ஐந்து மில்லிகிராம் டயஸெபாம் மாத்திரை முழுசாக ஒன்றுக்கு ஈடு. கண்ணுக்குச் சின்னதாக இருப்பது உடம்புக்குச் சின்னதாக இருக்க வேண்டியதில்லை.

மருந்தியல் படிக்கப் போனதும் பள்ளிக்கூடத்து இலக்கணத்தை மறந்துவிட்டாயா? மாத்திரை என்றால் அளவு. அதுவும் காலத்தின் அளவு. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்றுதான் தொல்காப்பியர் அதற்கு எல்லை வைத்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அந்த அரை மாத்திரை ஒற்று ஒன்று நடுவில் ஏறினால் ‘எடு’ ‘எட்டு’ ஆகிவிடுகிறது, ‘பாடு’ ‘பாட்டு’ ஆகிவிடுகிறது. சொல்லின் பொருளையே புரட்டிப்போட அரை போதும். எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. நம் மருத்துவர்கள் மருந்து உருண்டைக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது, எவ்வளவு என்பதோடு எத்தனை நாள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்றுதான். மொழி அறிஞர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். நான் விடுவதாக இல்லை. அப்பாவிடம் நீ கேட்டிருக்க வேண்டியது ‘எத்தனை மாதமாக?’ என்ற கேள்வி. கடிதத்தில் அதைத்தான் காணோம்.

முதல் சில நாள் நன்றாகத் தூக்கம் வரும், மறுக்கவில்லை. அந்தத் தூக்கத்திலும் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறைந்துபோகும் என்பது மூளை அலைகளை வரைந்து பார்த்தால் தெரியும். சில வாரங்களில் மூளை மருந்துக்கு ஏற்றபடி தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் அட்டை தீர்ந்துபோகும். அன்று பகல் முழுதும் மனிதர் புரண்டு புரண்டு படுப்பார். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மாத்திரை தொடங்கும் முன் இருந்ததைவிட மோசமான விழிப்பு. மறுநாள் என்ன சொல்வார்? “பார்த்தியா, இது இல்லாமல் எனக்குத் தூக்கமே கிடையாது.” அந்த விழிப்பைக் கொண்டுவந்ததே மாத்திரைதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஒரு தப்பான முடிவிலிருந்துதான் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று ஓடிவிடுகிறது. அல்ப்ரஸோலம் சுமார் 11 மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். நீண்ட நேரம் தங்கும் டயஸெபாமைவிட இதில் அந்தப் பின்விளைவு சீக்கிரமாகவும் கூர்மையாகவும் வரும்.

சரி, உன் அப்பாவின் தூக்கம் முதலில் எங்கே போயிற்று? அதை யாராவது கேட்டார்களா?

1938 ஜூனில் சிகாகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நதானியேல் கிளைட்மன், தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனைக் கூட்டிக்கொண்டு கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் இறங்கினார். முப்பத்திரண்டு நாள் அங்கேயே இருந்தார்கள். வெயில் எட்டாத இடம். இரவும் பகலும் ஒரே குளிர், ஏறக்குறைய 12 டிகிரி. எலியும் பூச்சியும் ஏறாமலிருக்கக் கட்டில் கால்களை டப்பாக்களுக்குள் நிறுத்தினார்கள். நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஆறே நாள். ஒன்பது மணி நேரம் படுக்கை, பத்தொன்பது மணி நேரம் விழிப்பு. உடம்புச் சூட்டை விடாமல் அளந்து குறித்தார்கள். இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் உடம்பு ஒரு வாரத்தில் அந்த நீண்ட நாளுக்கு இணங்கிவிட்டது. 43 வயது கிளைட்மனின் உடம்பு கடைசிவரை இணங்கவில்லை. பூமிக்கடியில், இருட்டில், வெளியுலகத்து 24 மணிக் கணக்கிலேயே அது சூடேறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கதையைச் சொல்லாமல் நான் ஒரு வருடமும் பாடத்தை முடித்ததில்லை. இரண்டு பேரை வைத்துச் செய்த சோதனை எப்படிப் போதும் என்று நீ கேட்பாய். போதாதுதான். ஆனால் உடம்புக்குள் ஏறக்குறைய 24 மணிக்கு ஒரு சுற்று சுற்றும் கடிகாரம் உண்டு, அதைத் திருத்தி வைப்பது கண்ணுக்குள் போகும் வெளிச்சம் என்பது பின்னால் வந்த சோதனைகளில் உறுதியாகிவிட்டது.

உன் அப்பா வேலை பார்க்கும் நம் ஊர்ச் சுரங்கம் குகை இல்லை, திறந்தவெளி. இரவெல்லாம் விளக்கொளியில் நின்றுவிட்டு விடியலில் மேலே வருகிறவர் முகத்தில் கிழக்கு வெயில் அறைகிறது. வண்டியில் வீடு வந்து சேரும்வரை ‘பொழுது விடிந்தது, எழுந்திரு’ என்று கண் மூளைக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. வந்ததும் படு என்றால் உடம்பு எப்படிப் படுக்கும்? மாத்திரை அந்தக் கடிகாரத்தைத் தள்ளிவைப்பதில்லை. ஆளை அமுக்கிப் போடுகிறது, அவ்வளவுதான். ஷிப்டு மாறினால் மறுபடி முதலிலிருந்து.

என் அப்பாவும் சுரங்கத்தில் நைட் ஷிப்டு பார்த்தவர்தான். அவர் வருவதற்கு முன்பே அம்மா குவார்ட்டர்ஸ் ஜன்னலில் கறுப்புக் கம்பளியை ஆணியடித்து மாட்டிவிடுவாள். ஆணி இழுத்த இடத்தில் கம்பளி கிழிந்து, காலணா அளவில் ஒரு வெளிச்சப் பொட்டு எதிர்ச் சுவரில் விழும். வெயில் ஏற ஏற அது சுவரிலிருந்து இறங்கி அப்பாவின் முகத்துக்கு வரும். அவர் கண் இடுங்கும், விழித்துக்கொள்வார். அம்மா ஒரு நாள் சோற்றுப் பசை தடவிக் காகிதத்தை அந்த ஓட்டையில் ஒட்டினாள். அன்று அவர் மதியம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. நான் பிறகு படித்த புத்தகமெல்லாம் அந்தக் காகிதத் துண்டுக்கு விளக்கம்தான். இந்த ஊரில் மாத்திரை தேடும் வீடுகளில் பாதிக்கு ஜன்னலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் திடமாக நம்புகிறேன்.

ஜன்னலோடு சேர்த்து இன்னும் இரண்டு. ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம் என்று சொல். அப்பா குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று அம்மாவைக் கேள். அப்படியானால் இந்த மாத்திரை அவருக்கு இன்னும் ஆபத்து. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மாத்திரையைத் தொடாமல், படுக்கைப் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, இது நாளைய மருந்தாளருக்கு. அந்த அட்டை வீட்டுக்கு எப்படி வருகிறது? என்றைக்கோ எழுதிய சீட்டு, பழகிய கடைக்காரர். 2014 மார்ச் முதல் அல்ப்ரஸோலம் மருந்து விதிகளின் அட்டவணை எச்1-இல் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், என்ன மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் காப்பாற்ற வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கையும் இருக்கிறது. நாளைக்கு நீ கவுண்டரில் நிற்கும்போது, “நம்ம பொண்ணுதானே, ஒரு அட்டை கொடும்மா” என்று வருவார்கள். கொடுக்காதே. முகம் சுளித்துக்கொண்டு போனால் போகட்டும்.

ஒளித்து வைக்கலாமா என்று கேட்டாயே, கூடவே கூடாது. மாதக்கணக்கில் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உன் அப்பா பெரிய இயந்திரங்களுக்கு நடுவே நிற்கிறவர். இதை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் இறக்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; உன் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீ கணக்குப் போடாதே. அட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அடுத்த விடுமுறையில் அதையும் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவை மனநல மருத்துவரிடம் நீயே கூட்டிப்போ. அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. இந்தச் சனிக்கிழமை சிதம்பரம் கல்லூரியிலிருந்து வரும்போது கெட்டியான கறுப்புத் துணி மூன்று மீட்டர் வாங்கி வா. ஆணி நான் தருகிறேன்.