காக்பிட்டுக்குத் தோல் வேண்டாம், தம்பி!

ஆம்பூர்ல இருந்துகிட்டு மாடல் விமானம் செய்ற எந்தப் பிள்ளைக்கும் வர்ற முதல் ஆசை, பைலட் சீட்டுக்கு அசல் தோல் ஒட்டணும்கிறதுதான். ஷூ கம்பெனியில மிச்சம் விழுற துண்டுத் தோலுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்? ஆனா கணக்கைப் பாரு. 1/32 அளவு கிட்ல, அரை மில்லிமீட்டர் தோல்னா நிஜத்துல 16 மில்லிமீட்டர் தடிப்பு. ஸ்கைவிங் மிஷின்ல எவ்வளவு சீவினாலும் பைலட் இலவம்பஞ்சு மெத்தையில உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். சீட் பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பையோ சமையல் ஃபாயிலையோ ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறிக்கோ. பக்கிளுக்குப் பழைய ஹெட்போன் ஒயர்ல இருக்கிற செம்பு இழை போதும்.

ஷூ கம்பெனியில தோல் ஒட்டுற சொல்யூஷனையும் கிட்ட கொண்டுவராதே. அதுல இருக்கிற கரைப்பான், கிட்டோட பாலிஸ்டைரீனை இளக்கிடும். பிளாஸ்டிக் மாடலுக்கான பசையையே வாங்கு. ஜன்னலைத் திறந்து வச்சு வேலை செய்.

எந்த விமானம்னு கேட்டா, நான் மிக்-21-ஐத்தான் சொல்வேன். 1963-ல நம்ம விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்னைக்கு சண்டிகர்ல விடைபெற்ற விமானம். டிரம்பெட்டர் கம்பெனி 1/32-ல கிட் போட்டிருக்கு. மூக்குக் கம்பியோட சேர்த்தா கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம் வரும். அலமாரியை அளந்துட்டுப் பணம் கட்டு.

மிக்-21-ஓட காக்பிட் உள்பக்கம் நீலமும் பச்சையும் கலந்த ஒரு வெளிர் நிறம். சாம்பல் அடிச்சுட்டா மொத்த உழைப்பும் போச்சு. பேனல் நடுவுல மேலிருந்து கீழா ஒரு வெள்ளைக்கோடு இருக்கும். விமானம் சுழன்று விழும்போது, பைலட் ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேரா முன்னால தள்ளணும், அதுக்கான அடையாளம். பலர் இதை விட்டுடறாங்க. நீ விடாதே. டயல்ல டெக்கால் ஒட்டிக் காய்ஞ்சதும், ஊசிமுனையால ஒரு சொட்டு கிளாஸ் வார்னிஷ் வை. கண்ணாடி போட்ட மாதிரி மின்னும்.

இன்னொண்ணு. மிக்-21 காக்பிட் மூடி வலப்பக்கமா சாய்ஞ்சு திறக்கும். அதனால பார்க்கிறவங்க இடப்பக்கத்துல இருந்துதான் குனிவாங்க. அவங்க கண்ணுக்கு நேரா படுறது வலப்பக்கச் சுவர். சுவிட்ச், ஒயர்னு உன் பொறுமையையெல்லாம் அங்கே செலவழி. சீட்டுக்கு அடியில என்ன நிறம் அடிச்சேன்னு எந்த மாமாவும் கேட்கப்போறதில்லை.

உடலை ஒட்டுறதுக்கு முன்னாடி, ரெண்டு பாதியையும் டேப் போட்டுச் சேர்த்து, காக்பிட் உள்ளே சரியா உட்காருதான்னு பாரு. அப்படியே சக்கரத்துல நிறுத்திப் பாரு. வால் தரை தட்டினா மூக்குக்குள்ள தூண்டில் ஈயக்குண்டு வைக்கணும். ஒட்டின பிறகு வழியே கிடையாது.

வேலூர்க் கத்திரி வெயில்ல அக்ரிலிக் பெயின்ட் பிரஷ்லயே காய்ஞ்சிடும். விடியக்காலையில அடி, காய்றதைத் தாமதப்படுத்துற ரிடார்டர் ஒரு சொட்டு சேர்த்துக்கோ. மூடிக்கு மட்டும் சூப்பர் க்ளூ ஆகவே ஆகாது, கண்ணாடி பனி படிஞ்ச மாதிரி வெளுத்துடும். ஃபெவிகால் போதும்.

பெங்களூரு எச்ஏஎல் அருங்காட்சியகத்துல நிஜ மிக்-21 நிக்குது. ஆம்பூர்ல ரயில் ஏறினா ஒரே நாள்ல போய்த் திரும்பலாம். பெயின்ட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டு வந்துடு.