நித்தியகல்யாணி எந்த ஊர்ச் செடி?

கேள்வி: மதிலோரத்திலும் சுடுகாட்டிலும் தானாக முளைத்து ஆண்டு முழுதும் பூக்கும் நித்தியகல்யாணி நம் நாட்டுச் செடிதானா?

பதில்: இல்லை. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. பிரெஞ்சுக்காரர்கள் வழியாக விதை பிரான்சின் அரசத் தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து பெற்ற விதையை 1757-இல் லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தில் பிலிப் மில்லர் வளர்த்தார். லின்னேயஸ் 1759-இல் இதற்கு 'வின்கா ரோசியா' என்று பெயரிட்டார். 1837-இல் ஜார்ஜ் டான் அதை 'காத்தராந்தஸ் ரோசியஸ்' என்று மாற்றினார். அழகுக்காகக் கொண்டுபோன இடமெல்லாம் செடி வேலி தாண்டிப் பரவியது. வறட்சியைத் தாங்கும், கசப்பால் ஆடுமாடு வாய்வைப்பதில்லை. தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி, பட்டிப்பூ என்ற பெயர்களும் ஒட்டிக்கொண்டதால், வந்தேறி என்று சொன்னால் நம்பக்கூடச் சிரமம்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கான நாட்டு மருந்து, புற்றுநோய் மருந்தாக மாறியது எப்படி?

பதில்: ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, இந்தியா எனப் பல நாடுகளில் இதன் இலையையோ பூவையோ கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கும் வழக்கம் உண்டு. 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறை நிறைய இலைகள் கனடாவிலிருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. இன்சுலின் ஆய்வு நடந்த காலத்தில் டொரண்டோ குழுவில் இருந்தவர் அவர். ஓய்வு பெற்றிருந்ததால், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் இலைகளைக் கொடுத்தார்.

இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டினார்கள். இரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசியாகச் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றால் இறந்தன. சோதனை தோற்றது என்று அங்கேயே மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் இரத்தத்தைப் பரிசோதித்தபோது வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன, எலும்பு மஜ்ஜையும் ஒடுங்கியிருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது. நோபிளும் வேதியியலர் சார்லஸ் பீரும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தார்கள். அதுவே வின்பிளாஸ்டின். அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனமும் இதே செடியைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே கார்டன் ஸ்வபோடா குழு பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அந்நாட்டு அனுமதி பெற்றது.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள், டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. இந்த மருந்துகள் டியூபுலினைப் பற்றிக்கொண்டு இழை உருவாக விடுவதில்லை. பிரிய முடியாத செல் மடிகிறது. விரைந்து பெருகும் செல்களே முதலில் அடிபடும். புற்றுச் செல்லுக்கு விழும் அடி மஜ்ஜைக்கும் விழுவது அதனால்தான். ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வின்பிளாஸ்டினும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பிற மருந்துகளுடன் சேர்த்து வின்கிரிஸ்டினும் தரப்படுகின்றன.

கேள்வி: இன்றும் இந்த மருந்துக்குச் செடிதான் வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் ஆம். இலையில் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் மிகச் சொற்பம். ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால் இலையில் அதிகமாக உள்ள வின்டோலின், காத்தராந்தின் ஆகிய இரண்டையும் எடுத்து ஆய்வகத்தில் இணைப்பதும் உண்டு. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இது மானாவாரிப் பயிர். இலையோடு வேரும் விலைபோகிறது. வேரிலுள்ள அஜ்மலிசின் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கு மருந்தாகிறது.

வீட்டுச் செடியின் இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆல்கலாய்டுகள் எனும் வீரிய வேதிப்பொருட்கள் 100-க்கும் மேல் உள்ள செடி இது. எது எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது என்பதை அடுப்படியில் அளக்க முடியாது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.