லேன் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, ஒரு துணிக்கடையிலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ பத்துக் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய நெட்வொர்க்கும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன லேன்கள் சேர்ந்ததுதான். இந்த அடிப்படை கைக்கு வந்துவிட்டால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வீர்கள். நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: ஊகத்தில் எதையும் மாற்றாதீர்கள், கீழே கேபிளில் தொடங்கி மேலே ஒவ்வொரு படியாகச் சோதியுங்கள்.

1. முதலில் விளக்கைப் பாருங்கள். "நெட் வரல" என்று கூப்பிட்டதும் செட்டிங்கைத் திறக்கிற பழக்கம் வேண்டாம். கேபிளின் இரண்டு முனையும் நன்றாகச் செருகியிருக்கிறதா, போர்ட்டில் உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். லிங்க்கே இல்லாதபோது ஐபியை எத்தனை முறை மாற்றினாலும் பயன் கிடையாது.

2. நல்ல கேபிள் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும். அதற்கு மின்தடை அதிகம். வளைத்தால் சீக்கிரம் முறியும். கேமராவுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும்போது சூடேறும். முழுச் செம்புக் கேபிளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது. கேட் 5இ, கேட் 6 எதுவானாலும் சுவிட்சிலிருந்து கணினிவரை 100 மீட்டர்தான் எல்லை. அதில் 90 மீட்டர் சுவரோடு போகும் கேபிளுக்கு, 10 மீட்டர் இரு முனைகளின் பேட்ச் கார்டுகளுக்கு. அதைத் தாண்டினால் நடுவில் ஒரு சுவிட்ச் வையுங்கள், அல்லது ஃபைபர் இழுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் நெட்வொர்க் கேபிளைத் திணிக்கவே கூடாது.

3. நிற வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் டி568பி முறைதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் எந்த வரிசையும் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பது இரைச்சலை அடக்கத்தான். 3, 6 ஆகிய பின்கள் இரண்டுக்கும் ஒரே ஜோடியின் கம்பிகள் போயாக வேண்டும். ஜோடி பிரிந்துவிட்டால் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் ஃபைல் காப்பி செய்யும்போது வேகம் படுத்துவிடும். ஆர்ஜே45 முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறையும் கனெக்டருக்குள் போய்க் கடிபட வேண்டும். ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் தேவை; 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். ஜிகாபிட் வரவேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் ஏதோ ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லையா என்று முதலில் பாருங்கள்.

4. சுவிட்ச் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் மெட்காஃபும் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கியபோது எல்லாக் கணினிக்கும் ஒரே கேபிள்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல் வரும். இன்றைய சுவிட்ச், எந்த போர்ட்டில் எந்தக் கருவியின் மேக் முகவரி இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்புகிறது. தெரியாத முகவரி வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பும்.

5. லூப்புக்குப் பயப்படுங்கள். ஒரே கேபிளின் இரு முனையையும் யாரோ ஒரே சுவிட்சில் செருகிவிட்டால் எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகும். கொஞ்ச நேரத்தில் மொத்த அலுவலகமும் நின்றுபோகும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் 1985இல் ஸ்பேனிங் ட்ரீ முறையை வகுத்தார். விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் அது இருக்காது. எல்லா விளக்கும் ஒன்றாக வெறிபிடித்ததுபோல் மின்னினால் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.

6. ஐபியைத் திட்டம் போட்டுக் கொடுங்கள். உள் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கியவை 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. 255.255.255.0 மாஸ்க் போட்டால் 254 முகவரிகள் கிடைக்கும். ரவுட்டருக்கு 1, பிரின்டர், சர்வர், கேமராக்களுக்கு 2 முதல் 50 வரை நிலையான எண்கள், மற்றவர்களுக்கு 100 முதல் 200 வரை தானாக ஐபி தரும் டிஹெச்சிபி வழியாக என்று பிரித்துவிட்டால் இரண்டு கருவிகள் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொள்ளாது.

7. 169.254 என்று கண்டால் டிஹெச்சிபியை நினையுங்கள். கேட்டும் யாரும் ஐபி தராததால் விண்டோஸ் தானே வைத்துக்கொண்ட எண் அது. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகினால் அதுவும் ஐபி வழங்கத் தொடங்கும், பாதிப்பேருக்கு நெட் வரும், பாதிப்பேருக்கு வராது.

8. பிங்கை வரிசையாகப் போடுங்கள். முதலில் 127.0.0.1, பிறகு சொந்த ஐபி, பிறகு கேட்வேயான ரவுட்டர், பிறகு இணையத்தில் உள்ள 8.8.8.8, கடைசியாக ஒரு தளத்தின் பெயர். எங்கே பதில் நிற்கிறதோ அங்கிருந்து தேடுங்கள். 8.8.8.8 பதில் தந்து பெயருக்கு மட்டும் பதில் வராவிட்டால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். பக்கத்துக் கணினி பதில் தராவிட்டால் அதன் ஃபயர்வால் தடுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

9. வைஃபையை அளவோடு நம்புங்கள். இடம் மாறாத பில்லிங் கணினிக்கும் பிரின்டருக்கும் கேபிளே சிறந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

10. எழுதி வையுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண் ஒட்டுங்கள். எந்த போர்ட் எந்த மேசைக்கு, எந்த ஐபி யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருபவருக்கு அது பெரிய உபகாரம். பல சமயம் அடுத்து வருபவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

நீங்கள் போடும் லேனை நம்பித்தான் கடையில் பில் போடுகிறார்கள், லேபிலிருந்து மருத்துவருக்கு ரிப்போர்ட் போகிறது. ஆகவே வேலை முடிந்ததும், அந்தக் கணினியில் அன்றாடம் வேலை செய்பவரின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ஃபைலைத் திறந்து, ஒரு பிரின்ட் எடுத்துப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.